நகல் எடுப்பவளின் மூன்றாம் ஆண்டு

கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் நகல் கடையில் பதினாறு வருடமாக நிற்கிறாள் ஜெராக்ஸக்கா. வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. இப்போதைக்கு அது ஹால் டிக்கெட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இயந்திரத்திலிருந்து வெளியே வரும் தாளைச் சூடு ஆறுவதற்குள் படித்துவிடுவாள். மருந்துச் சீட்டு, ராஜினாமாக் கடிதம், விவாகரத்து மனு, எதுவும் தப்பாது. ஒருமுறை ஒருத்தன் காதல் கடிதத்துக்கு நான்கு நகல் கேட்டான். நாலும் யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. மூன்றாவது வரியில் ஒரு எழுத்துப் பிழை இருப்பதை மட்டும் சொன்னாள்.

பெண்ணியல் துறையின் பாடக் குறிப்புகள் வருடா வருடம் அதே கட்டாகத்தான் நகலுக்கு வரும். பத்து வருடம் படித்தவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் ஒரு பெண் மூன்றாம் பாடம் கேட்டு வந்தாள். “அதுல எட்டாம் பக்கமே கிடையாதும்மா, போன வருஷமே கிடையாது, உங்க மேடத்துகிட்ட சொல்லு” என்றாள் அக்கா. அந்த மேடம் பின்னாலேயே வரிசையில் நின்றிருந்தார். பக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர், நீயே வந்து சேர்ந்து படி என்று விண்ணப்பப் படிவத்தில் கொண்டுபோய் முடித்தார். இடம் நிரம்பாத துறை. அதனால் முப்பத்தேழு வயதை யாரும் பெரிதாகக் கிளறவில்லை.

காலையில் வகுப்பு, மதியத்திலிருந்து கடை. வகுப்பில் பத்தொன்பது பேர். எல்லோருக்கும் அவள் அக்காதான். மேடமே ஒருமுறை வாய்தவறி “சொல்லுங்கக்கா” என்று கூப்பிட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வேன் ஓட்டும் கணவர், மனைவி கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று வேன் நிறுத்தத்தில் சொல்லிவைத்திருந்தார். அவள் திருத்தவில்லை. அதுவும் பட்டன் அமுக்குற படிப்புதானே, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் ஆண்டில் ஆய்வேடு வந்தது. வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அவள் சொல்லச் சொல்லக் கேட்டு எழுத வேண்டும். கடைசியில் சம்மதப் படிவம் இணைக்க வேண்டும். சொன்னவள் அதில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். மேடம் இதில் மட்டும் பாறை மாதிரி.

“கையெழுத்து இல்லன்னா அது ஆய்வு இல்ல, வம்பு” என்றார்.

வம்பாகப் போனால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். ஆய்வேட்டைக் கொடுத்து வாய்மொழித் தேர்வில் உட்கார வேண்டியது ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு.

ஜெராக்ஸக்கா தேடி அலையவில்லை. தன் சொந்த அக்காவையே பிடித்துக்கொண்டாள். பெரியவளுக்குப் பெரிய துணிக்கடையில் பெண்கள் வாசலில் சோதனை செய்யும் வேலை. காக்கிச் சட்டை, பதினொரு மணி நேரம் நிற்பது, நாற்காலி கிடையாது. நான்கு ஞாயிற்றுக்கிழமை, சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள். திருடியவளைக் கண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, கை சில்லென்று இருக்கும் என்றாள். ஒருத்தி குழந்தைச் சட்டை ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு, கை பட்டதும் அழ ஆரம்பித்துவிட்டாளாம். வரிசையில் நிற்பவர்கள் பார்க்காதபடி பெரியவள் தன் முதுகால் மறைத்துக்கொண்டு, சட்டையை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, போம்மா என்று அனுப்பிவிட்டாளாம். இதை எழுதாதே என்றாள். பிறகு, எழுதிக்கோ போ என்றாள்.

ஐந்தாவது ஞாயிறு படிவத்தை நீட்டியபோதுதான் சிக்கல். பெரியவள் பேனாவைத் தொடவில்லை.

“நான் போடல.”

“சும்மா ஒரு கையெழுத்துதானேக்கா.”

“அவனும் இப்படித்தான்டீ சொன்னான்.”

அவன் என்றால் தம்பி. அப்பா போன மறு மாதம், மின் இணைப்பில் பெயர் மாற்ற வேண்டும் என்று ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்தான். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெரியவள் செருப்பை மாட்டியபடியே கையெழுத்துப் போட்டாள். அதன் கீழேயே சின்னவளான ஜெராக்ஸக்காவும் போட்டாள். அது அப்பாவின் வீட்டில் தங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம் என்பது, தம்பி அந்த வீட்டை விற்ற பிறகுதான் பெரியவளுக்குத் தெரிந்தது. மூன்றாவது ஞாயிறு இதையும் சொல்லியிருந்தாள். ஜெராக்ஸக்கா பேனா நிற்காமல் எழுதிக்கொண்டாள்.

“முதல்ல எழுதினத முழுசா படி. கேட்டுட்டு சொல்றேன்” என்றாள் பெரியவள்.

முப்பத்தெட்டுப் பக்கம். ஜெராக்ஸக்கா உரக்கப் படித்தாள். பெரியவள் இரண்டே இடத்தில் திருத்தினாள்: நாற்காலி ஆரம்பத்தில் இருந்தது, பிறகுதான் எடுத்துவிட்டார்கள், அழுதவள் இரண்டு சட்டை வைத்திருந்தாள், ஒன்றில்லை. இருபத்து மூன்றாம் பக்கம் வந்தது. ‘தகவலாளி படிக்காமலேயே கையெழுத்திட வைக்கப்பட்டார்’ என்று இருந்தது. மேடத்துக்குப் பிடிக்கும்படியான வாக்கியம்.

பெரியவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பத்திரத்த எங்கடீ நகல் எடுத்தான்?”

“என் கடையிலதான்.”

“நீதான் எல்லாத்தையும் படிப்பியே.”

மூன்று நகல், மொத்தம் பன்னிரண்டு தாள். கையில் சூடு இன்னும் இருப்பது போலத்தான் ஜெராக்ஸக்காவுக்குத் தோன்றியது.

“படிச்சேன்க்கா.”

காரணங்கள் இருந்தன. கடை வேலையை வாங்கிக் கொடுத்தவனே தம்பிதான். அக்காவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்ததாகத் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள். அன்றைக்குக் கடையில் கூட்டம் வேறு. ஒன்பது வருடமாக அடுக்கி வைத்திருந்த இவற்றில் ஒன்றைக்கூட அவள் வெளியே எடுக்கவில்லை. பெரியவளும் கேட்கவில்லை. நறுக்கிய பீன்ஸைச் சட்டியில் தள்ளிவிட்டு, மறுபடி கத்தியை எடுத்தாள்.

“அந்தப் பக்கத்துல நீ இல்லயே” என்றாள்.

ஜெராக்ஸக்கா அங்கேயே, பக்கத்தின் அடியில் மீதியிருந்த இடத்தில் நான்கு வரி எழுதினாள். நகல் எடுத்தது இந்த ஆய்வாளர், அப்போதே படித்தார், தன் அக்காவிடம் சொல்லவில்லை, தெரிந்தே தானும் கையெழுத்திட்டார். எழுதியதைப் படித்துக் காட்டினாள்.

“சரி. மீதியப் படி.”

முடிந்ததும் பெரியவள் முப்பத்தெட்டுப் பக்கத்தையும் படிவத்தையும் வாங்கி, வேலைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்துக்கொண்டாள். போடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் கடையில் இரண்டு பேருக்கு ஒரே பக்கத்தை இரண்டு முறை எடுத்துக் கொடுத்தாள் ஜெராக்ஸக்கா. செவ்வாய்க்கிழமை மேடம் கேட்டார், வந்துரும் என்றாள். வியாழக்கிழமை கேட்டார், அப்போதும் அதையேதான் சொன்னாள், குரல்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லாததால் ஜெராக்ஸக்கா காலையிலேயே கடையைத் திறந்துவிட்டாள். ஒன்பதரை மணிக்குக் காக்கிச் சட்டையோடு பெரியவள் கடை முன்னால் வந்து நின்றாள். பையிலிருந்து தாள்கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். படிவத்தைத் துணிக்கடையில் பில் போடும் பெண்ணிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். அதையே காசாளரிடமும், பிறகு தையல் பிரிவில் இருக்கும் வயதான அம்மா ஒருவரிடமும். மூன்று பேரும் ஒரே மாதிரி படித்தார்களாம். அதன்பிறகு தானே எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தாளாம். கையெழுத்து இருந்தது. அதற்கு மேல், துணிக்கடையின் பெயர் வரக்கூடாது என்று அவள் கையாலேயே ஒரு வரி. இருபத்து மூன்றாம் பக்கத்தில், அந்த நான்கு வரிக்குக் கீழேயும் ஒரு கையெழுத்து.

பிறகு இன்னொரு தாளை எடுத்து, சரிதானா என்று ஒத்துப் பார்த்து, தன் பையிலேயே திரும்ப வைத்துக்கொண்டாள். படிவத்தின் நகல். ஓரமெல்லாம் கறுப்பு, எழுத்து முழுக்க ஒரு பக்கம் சரிந்திருந்தது. பதினாறு வருடத்தில் ஜெராக்ஸக்கா கடையிலிருந்து அப்படி ஒரு தாள் போனதில்லை.

“எங்கக்கா எடுத்த இத?”

“எங்க வாசலுக்குப் பக்கத்துல ஒரு கடை இருக்கு.”

“கோணலா இருக்கே. குடு, நேரா எடுத்துத் தரேன்.”

“இருக்கட்டும்” என்றாள் பெரியவள். “படிக்க வருது.”

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். ஜெராக்ஸக்கா இயந்திரத்தை அணைத்து, ஷட்டரை இழுத்துவிட்டு, கட்டை நெஞ்சோடு பிடித்தபடி சாலையைக் கடந்தாள். பத்தாக ஆறு நிமிடம் இருந்தது.