நைஸாக அரைத்த மாவு

ஊறின அரிசிக்கு ஒரு வாசம் உண்டு. புளிப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல், மழை விட்ட பிறகு பாறையிலிருந்து எழும்புமே, அதைப் போல இருக்கும். கழக்கூட்டம் என்கிற ஊரில் நான் இப்போது குடியிருக்கிற மூன்றாம் மாடி அறையில், கீழே ரோட்டில் பஸ்ஸும் லாரியும் இரைந்துகொண்டு போகையில், எந்த வீட்டிலிருந்தாவது அந்த வாசம் வந்துவிட்டால் எனக்குப் பொன்முடி வந்துவிடும். கூடவே 'நைஸ்' என்கிற வார்த்தையும் வந்துவிடும்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனாலும் இதை என் கையால்தான் எழுதுகிறேன். பக்கத்து அறையில் தங்கியிருக்கும் நாகர்கோவில் பெண், கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவள், எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துக் கொடுத்தாள். இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றி எழுத இந்த மூன்றாம் வகுப்புக்காரிக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். அந்த ஒரு வார்த்தையோடு நான் அறுபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பொன்முடி மலைத் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். ஒரே கூரையின் கீழ் பத்து வீடு, அதைத்தான் 'லயம்' என்போம். பத்து வீட்டுக்கும் சேர்த்துக் கடைசியில் சுவரை ஒட்டி இறக்கின ஒரு சாய்ப்பு, அதற்குள் ஒரே ஒரு ஆட்டுக்கல். அந்தக் கல்லில்தான் 'நைஸ்' முதன்முதலாக என் காதில் விழுந்தது. மாவை வழிக்கும் முன்பு அம்மா ஒரு பொட்டு எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பாள். மணல் போல நெருடினால், "இன்னும் நைஸா வரணும்" என்று குழவியை மறுபடி என் கையில் தருவாள். அது வெள்ளைக்காரன் பேச்சு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கல்லும் குழவியும் போல அதுவும் எங்களுடையது என்றே இருந்தோம். தலைச்சுமையாகத் துணி கொண்டுவருகிறவர் வழுவழுப்பான துணியை விரித்துப்போட்டு 'நைஸ் துணி' என்பார். கொழுந்துக் காட்டில் மேஸ்திரி கண்ணில் படாமல் ஒருத்தி நழுவினால் 'நைஸா போயிட்டா' என்பார்கள். இனிக்க இனிக்கப் பேசிக் காரியம் பார்க்கிறவளுக்கும் அதே வார்த்தைதான்.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். எஸ்டேட்டில் வேலை பார்க்கிற ஆள் இருந்தால்தான் வீடு. ஆள் இல்லையென்றால் சாமானைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான். அம்மாவுக்குச் சிறுவயதிலேயே ஒரு கால் ஊனம், சரிவில் ஏறிக் கொழுந்து கிள்ள முடியாது. மேனேஜர் துரையின் பங்களா அடுக்களையில் ஒரு ஆள் தேவை என்று அந்த மாதம் பேச்சு இருந்தது. அடுத்த வீட்டுத் தங்கம் சித்தி அந்த வேலை தனக்குத்தான் என்று இருந்தாள். அவளுக்கும் கொழுந்துக் காட்டு அட்டையிலிருந்தும் மழையிலிருந்தும் தப்பிக்க வேண்டாமா?

அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று நாள் பங்களாப் பின்வாசலில் போய் நின்றாள். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் துரைசாணி, அவர்கள் கோட்டயம் பக்கத்து மலையாளத்தார்தான், ஆனால் பேச்சில் பாதி இங்கிலீஷ், "அரைக்கான் அறியுமோ?" என்று கேட்டார்கள். அம்மா உள்ளே போய் அம்மியில் தேங்காயை அரைத்தாள். வெண்ணெய் மாதிரி இருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு துரைசாணி "நைஸ்" என்றார்கள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் நடந்தது. வேலையும் வீடும் நிலைத்தன.

லயத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். நொண்டிக்காலை வைத்துக்கொண்டு நைஸாகப் பேசி அடுக்களைக்குள் புகுந்துவிட்டாள் என்று தங்கம் சித்தி சொன்னாள். மற்ற எட்டு வீடும் தலையாட்டியது. சண்டை ஒன்றும் இல்லை. நாங்கள் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். பிள்ளைகளும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். மேகம் இறங்கிவந்து வாசலை மூடுகிற நாட்களில் வெளியில் விளையாடுகிறவர்களின் சத்தம் மட்டும் கேட்கும், ஆள் தெரியாது. நான் படியில் உட்கார்ந்து யார் யார் குரல் என்று பிரித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் லயத்தில் தோசை என்பது தீபாவளிக்குத்தான். முந்தின நாள் விடிந்ததும் ஒவ்வொரு வீட்டாரும் ஊறின அரிசியைப் பானையோடு கொண்டுபோய்ச் சாய்ப்பில் வரிசையாக வைப்பார்கள். வரிசைதான் கணக்கு. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருத்தர் பானையை இன்னொருத்தர் தொடமாட்டார்கள். அப்பா போன முதல் வருஷம் துக்கம், நாங்கள் பானை வைக்கவில்லை. மறு வருஷம் அம்மா, "அப்பாவுக்கு இலை போட்டு முதல் தோசை வைக்கணும், நீயே அரைச்சு வச்சிரு மக்கா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். நான் நான்காவதாக வைத்தேன். கொஞ்சம் கழித்து வந்து பார்த்தால் என் பானை கடைசியில் இருந்தது. அங்கேயே நின்றேன். இன்னொரு பானை வந்தது, அதற்கும் பின்னால் நகர்த்தினார்கள். மத்தியானம் தாண்டியது. கூரைத் தண்ணீர் என் பானைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. அரிசி வீணாகிவிடும், அப்பாவுக்கு இலை கிடையாது என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தது.

அப்போது தங்கம் சித்தி அரைத்துக்கொண்டிருந்தாள். குழவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏட்டி, இங்க வா. பொய் சொல்லப்பிடாது. ஒங்கம்மா நைஸா பேசித்தான அந்த வேலையப் புடிச்சா?"

சாய்ப்பில் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

"ஆமா சித்தி" என்றேன்.

"கேட்டியளா, பெத்த பிள்ளையே சொல்லிட்டுல்லா" என்று ஒருத்தி சிரித்தாள். தங்கம் சித்தி சிரிக்கவில்லை. தன் மாவை வழித்துக்கொண்டு எழுந்து, "பிள்ளைக்கு எடம் விடுங்கட்டி" என்றாள். நான் ஆட்ட ஆட்ட, குழியில் அரிசியைத் தள்ளிவிட்டதும் அவள்தான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு லயத்தில் ஒருத்தர் என் தலையைத் தடவினார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா வந்தாள். வரும் வழியில் குழாயடியிலேயே அவளுக்குச் சொல்லிவிட்டார்கள் என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கால் கழுவிவிட்டு வந்து பானையைத் திறந்தாள். ஒரு பொட்டு மாவை எடுத்து விரலில் தேய்த்தாள்.

"நைஸாத்தான் அரைச்சிருக்க" என்றாள்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவள் சொன்னது மாவைத்தான். அதனால்தான் எனக்கு அது இன்னும் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து பிள்ளைகள் என்னை விளையாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. பிறகு பதினோரு வருஷம் அந்த லயத்தில் இருந்தோம். அவள் குழாயடிக்கு எல்லோரும் போய்வந்த பிறகு போவாள். நான் அன்று சொன்னதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இதைத் திருத்தும்போது நாகர்கோவில் பெண் போனில் எதையோ பார்த்துவிட்டுச் சொன்னாள். 'நைஸ்' வெள்ளைக்காரன் ஊருக்கு வந்த புதிதில், ஒன்றும் அறியாத ஆள், மடையன் என்றுதான் அர்த்தமாம். பிறகு சின்ன விஷயத்துக்கும் குற்றம் பார்க்கிறவர்களைச் சொன்னார்களாம், பிறகு நுணுக்கமானதைச் சொன்னார்களாம், நல்லது என்பதெல்லாம் கடைசியில் வந்ததாம். நுணுக்கத்தை இப்போது அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லையாம். நாங்கள் ஆட்டுக்கல்லில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறோம் பார் என்றேன், அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப நீங்க சின்னப் பிள்ளதானம்மா, ஒண்ணும் அறியாத வயசு" என்றாள்.

அந்தப் பழைய அர்த்தத்தை எனக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் அறியாத பிள்ளை இல்லை. பங்களா வாசற்படியில் நின்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தவள்.

இப்போது கடையில் மாவு பாக்கெட்டில் வருகிறது. பிரித்ததும் என் விரல் தானாகத் தேய்த்துப் பார்க்கும். எல்லாம் நைஸாகத்தான் இருக்கிறது, சொல்வதற்கு ஆள் இல்லை. போன வருஷம் பஸ் பிடித்துப் பொன்முடிக்குப் போனேன். லயம் இருந்த இடத்தில் அடித்தளக் கல் மட்டும் புல்லுக்குள் கிடந்தது, சாய்ப்பு இல்லை, ஆட்டுக்கல் இல்லை. மேகம் இறங்கியது; பிரித்துப் பார்க்க ஒரு குரலும் இல்லை. அங்கே நின்றுகொண்டு, அம்மா யாரிடமும் எதையும் பேசி வாங்கவில்லை, அரைத்துத்தான் வாங்கினாள் என்று வாய்விட்டுச் சொன்னேன்.