சின்னத் துவக்குக்கான பத்திரம்

ஒருவர் தம்மைக் காத்துக்கொள்வதற்கென்று கேட்கும் ஆயுதத்தை நாமே தேடித் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், அதன் பிறகு நடப்பவற்றில் நமக்கு எவ்வளவு பங்கு? சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அம்மா தனக்கு ஒரு துவக்கு வேண்டும் என்று சொன்ன ஞாயிறு மதியம் வரைக்கும், இந்தக் கேள்வி எனக்குத் தேர்வுத்தாளுக்கு உரியதாகவே இருந்தது. சமூகப்பணியில் பட்டம் பெற்றவள் நான். பொறுப்பு, விளைவு என்ற இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். துப்பாக்கி வாங்கித் தரும்படி என்னிடம் எவரும் கேட்டதில்லை.

ஜெர்மனியில், ஹம் நகரின் ஓரத்தில், ரயில் பாதைக்கு அருகிலுள்ள அடுக்குமாடி வீட்டில் நாங்கள் இருவரும் வாழ்கிறோம். அம்மா பக்கத்து ஊரிலுள்ள முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறார். காலைப் பணி ஆறு மணிக்குத் தொடங்கும். அதற்கு அவர் நாளின் முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும். எங்கள் சிறிய நிலையத்தில் இரண்டாம் மேடைக்குப் போவதற்குச் சுரங்கப்பாதை ஒன்றுதான் வழி. இரண்டு கிழமைகளுக்கு முன்னர் அதற்குள் ஒருவன் தன்னை மறித்ததாக அம்மா சொன்னார். ரயில் வந்தது, போய்விட்டான் என்றும் சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த இரண்டு கிழமைகளில் அவர் மூன்று நாள் சுகவீன விடுப்பு எடுத்திருந்தார். தடிமன், காய்ச்சல் என்றே நான் நம்பியிருந்தேன். இனியும் காலைப் பணிக்குப் போக முடியாவிட்டால் அவரைப் பாதிநேர வேலைக்கு மாற்றிவிடுவார்கள். முதியவர்களை எழுப்பி, முகம் கழுவி, தலை வாரிவிடும் அந்தக் காலை நேரத்தைத்தான் அவர் தன் வேலை என்று சொல்வார். மற்றதெல்லாம் எழுத்துவேலை என்பார்.

"சின்னதாய் ஒண்டு பார். கைப்பைக்குள்ளை அடங்கோணும். விலையும் கனக்க இருக்கக்கூடாது," என்றார்.

சின்னது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சுண்டலுக்கு நிற்கும்போது, டாக்சி ஓட்டும் அண்ணை ஒருவரிடம் அம்மா விசாரித்திருக்கிறார். புத்தாண்டு இரவில் வானத்தை நோக்கி வெடிப்பதற்காக வெற்றுத் தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்பவர் அவர். உண்மையான குண்டு அதில் வராது. சத்தமும், வேண்டுமானால் மிளகாய் வாயுவும் வரும். பதினெட்டு வயதானவர்கள் கடையில் வாங்கலாம். வெளியே கொண்டுதிரிவதற்கு மட்டும் 'கிளைனர் வாஃபன்ஷைன்' என்ற அனுமதிப்பத்திரம் வேண்டும். இதையெல்லாம் சரியாகச் சொன்ன அண்ணை, இறுதியில் ஒரு விளக்கத்தையும் சேர்த்திருந்தார்: கிளைனர் என்றால் சின்னது, வாஃபன் என்றால் துவக்கு, ஷைன் என்றால் பத்திரம். ஆகவே சின்னத் துவக்குக்குக் கொடுக்கும் பத்திரம் அது. பெரிதை வாங்கினால் பறித்துவிடுவார்கள்.

இதே நாட்டில் பிறந்து இந்த மொழியில் படித்த எனக்கு அந்தத் தவறு உடனே புலப்பட்டிருக்க வேண்டும். அம்மா தமிழில் சொன்னதால் நான் தமிழிலேயே கேட்டுக்கொண்டேன். சின்னத் துவக்குக்கான பத்திரம் என்பது காதுக்கு முற்றிலும் சரியாகத்தான் இருந்தது.

எனவே குட்டைக் குழல் ரிவால்வர்களைத் தேடத் தொடங்கினேன். நான்கு மாலைகள் அதில் கழிந்தன. குழலின் நீளம், எடை, எத்தனை தோட்டா, பிடியில் ரப்பர் உண்டா என்று அட்டவணை போட்டேன். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும். மற்ற வகை சிக்கிக்கொள்ளலாம் என்று படித்தேன். மலிவானவை துத்தநாகக் கலவையால் ஆனவை, நாளடைவில் தேயும். நூறு யூரோவைச் சற்றுத் தாண்டிய விலையில் இரண்டு தேறின. அம்மாவின் வலக்கைச் சுட்டுவிரல் மூட்டில் வலி இருப்பதால், விசை எவ்வளவு கடினம் என்பதற்குத் தனியாக ஒரு நிரல் வைத்தேன். கடைசி நிரலுக்கு 'விளைவுகள்' என்று தலைப்பிட்டேன். இருட்டில் அது உண்மைத் துப்பாக்கி போலவே தெரியும். அவனிடம் கத்தி இருந்தால் அவனும் எடுப்பான். அம்மா ரயில் மாறும் பெரிய நிலையத்தில் ஆயுதத் தடை அறிவிப்பு ஒட்டப்படும் நாள்களும் உண்டு. அம்மாவுக்கு இவற்றை வாசித்துக் காட்டினேன்.

"நான் கேட்டது துவக்கு. நீ எனக்கு வகுப்பெடுக்கிறாய்," என்றார் அம்மா. "உந்தப் படிப்பெல்லாம் அந்தப் பாதைக்குள்ளை என்னோடை வருமே?"

 அனுமதிப்பத்திரத்துக்கான படிவத்தை அச்செடுத்து மேசையில் வைத்தேன்.

எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவதற்கென்று ஒரு முறை உண்டு. பத்து வயதிலிருந்து அம்மாவின் அன்ட்ராக்குகளை, அதாவது விண்ணப்பங்களை, நான்தான் நிரப்பி வருகிறேன். அவர் எதிரே அமர்ந்து காரணத்தைச் சொல்வார். நான் ஜெர்மன் மொழியில் எழுதுவேன். வதிவிட அனுமதி, பெரிய வீடு, என் பள்ளிச் சுற்றுலாவுக்கான உதவி எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டார்கள். காரணம் பலமாக இல்லாவிட்டால் கடிதம் திரும்பி வரும் என்பது அகதியாக வந்தவர்களுக்கு உடம்பில் ஊறிய அறிவு. அன்றும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைகளைக் கோத்து அமர்ந்து, சொல்லத் தொடங்கிவிட்டார்.

அவன் சுரங்கப்பாதையின் நடுவில், விளக்கு எரியாத இடத்தில் நின்றிருக்கிறான். காலை வணக்கம் என்று இவர்தான் முதலில் சொல்லியிருக்கிறார். அவன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டான். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றான். ஊருக்குப் போ என்றான். பிறகு, முகத்தைக் காட்டு என்று சொல்லி, சால்வையை விரலால் விலக்கினான். மேலே ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் சிரித்துக்கொண்டே வாரை விட்டான். அம்மா படியேறி, ரயிலில் அமர்ந்து, வேலைக்குப் போய், எல்லோருக்கும் முகம் கழுவிவிட்டிருக்கிறார். சால்வையை மட்டும் இல்லத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்.

அந்தச் சால்வை எங்கே என்று நான் ஒருமுறை கேட்டதும், ரயிலில் விட்டுவிட்டேன் என்று அவர் சொன்னதும் நினைவுக்கு வந்தன. நான்கு மாலைகளாகக் குழலின் நீளத்தை மில்லிமீற்றரில் எழுதியவள் இதைக் கேட்டிருக்கவில்லை.

அதைத் தனித் தாளில் எழுதி முடித்தபின் படிவத்தில் காரணத்துக்குரிய இடத்தைத் தேடினேன். இல்லை. இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். பெயர், பிறந்த தேதி, முகவரி, குற்றப் பதிவு உண்டா என்ற கேள்வி, அவ்வளவுதான். இந்தப் பத்திரத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்று அம்மாவிடம் விளக்கினேன்.

"பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குக் கேட்டவை. துவக்குக்குக் கேக்கமாட்டினமோ?" என்றார். படிவத்தைத் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "அங்கை ஊரிலையும் உப்பிடித்தான். துவக்கு வைச்சிருந்தவையிட்டை ஆரும் காரணம் கேக்கேல்லை. எங்களிட்டைத்தான் கேட்டவை, எங்கை போறாய், ஏன் போறாய் எண்டு."

எழுதிய தாளையும் படிவத்தோடு இணைக்கச் சொன்னார். இணைத்தேன்.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். வேட்டை உடுப்புகளும் தூண்டில்களும் விற்கும் கடை அது. உரிமையாளர் நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. என் அட்டவணையிலிருந்த இரண்டு ரிவால்வர்களையும் துணி விரித்து அதன்மேல் வைத்தார். அம்மா மலிவானதைக் கையில் எடுத்து, மரக்கறிக் கடையில் கிழங்கை எடுத்துப் பார்ப்பதுபோல் எடை பார்த்தார். விசையை இழுக்க முயன்றார். சுட்டுவிரல் ஒத்துழைக்கவில்லை; இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு தன் நிதானமான ஜெர்மனில், பத்திரத்துக்கு இது போதிய அளவு சின்னதுதானா, இன்னும் குட்டையாக உண்டா என்று கேட்டார்.

அந்தப் பெண்மணிக்குக் கேள்வி விளங்கவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. சின்னது துவக்கல்ல அம்மா, பத்திரம்தான் சின்னது என்றேன். உண்மைத் துப்பாக்கிக்குரியது பெரிய பத்திரம், இது சிறியது. துப்பாக்கியின் அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடைக்கார அம்மையார் சேர்த்துக்கொண்டார்: கை நீள வெற்றுத் தோட்டாத் துப்பாக்கியையும் இதே பத்திரத்தோடு கொண்டுபோகலாம், ஆடைக்குள் மறைய வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா கையிலிருந்ததைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணை டாக்சிதான் ஓட்டோணும். மொழிபெயர்க்கிற வேலைக்குப் போகக்கூடாது," என்றார்.

சின்னதாக இருக்க வேண்டிய கட்டாயம் போனதும் கடைக்கார அம்மையார் வேறு துப்பாக்கிகளை எடுப்பார் என்று எண்ணினேன். அவரோ, எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டார். ரயில் மேடைக்குக் கீழே, மூடிய சுரங்கத்துக்குள் என்றார் அம்மா. அம்மையார் தலையசைத்தார். மூடிய இடத்தில் வாயு அவனுக்கும் உங்களுக்கும் சமமாகத்தான் கிடைக்கும், கண் திறக்க முடியாமல் படியேறுவீர்கள் என்றார். பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து, வேட்டைக்காரர்களுக்கு விற்கும் உண்மையான குட்டை ரிவால்வர் ஒன்றை எடுத்து மற்றவற்றின் பக்கத்தில் வைத்தார். எது எது என்று சொல்லுங்கள் என்றார். அம்மாவால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. பொய்யானதில் வட்டத்துக்குள் சிறிய எழுத்து முத்திரை உண்டு. அதைக் காண்பதற்குக் கையில் எடுக்க வேண்டும்.

அம்மா என்னிடம் திரும்பித் தமிழில் சொன்னார்: "இதைக் கண்டா அவன் பயப்பிடுவான். பொலிசும் பயப்பிடும். பயந்தவன் என்ன செய்வான் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. அதைத்தானே பாத்துப்போட்டு வந்தனாங்கள்."

அன்று எதையும் வாங்கவில்லை. பத்திரம் வந்தபிறகு வருகிறோம் என்று சொல்லி வந்தோம். விண்ணப்பத்தை நிறுத்திவிடலாமா என்று நான் கேட்டதற்கு, நிரப்பியது நிரப்பியதுதான், கொண்டுபோய்க் கொடு என்றார் அம்மா.

திங்கட்கிழமை இருவருமே காவல் அலுவலகத்துக்குப் போனோம். படிவத்தை வாங்கிய இளம் அலுவலர், இணைத்திருந்த தாளைக் கழற்றி, இது தேவையில்லை என்று திருப்பித் தந்தார். தரும்போது கண் அதன்மேல் விழுந்திருக்க வேண்டும். கையை இழுத்துக்கொண்டு முழுவதையும் வாசித்தார். இதற்கு முறைப்பாடு கொடுத்தீர்களா என்று அம்மாவைக் கேட்டார். இல்லை என்றார் அம்மா. யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னார். அலுவலர் எழுந்து எங்களை மாடியிலுள்ள வேறொரு அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே அம்மா அதே கதையை, தானே, ஜெர்மனில் சொன்னார். நான் இரண்டு சொற்களுக்கு மட்டுமே உதவினேன்.

அவன் அகப்படவில்லை. ஆனால் தாளின் இன்னொரு பிரதியை அம்மா தன் இல்லத்தின் மேலாளரிடம் கொண்டுபோனார். என் யோசனையல்ல, பேருந்தில் வரும்போது அவரே தீர்மானித்தது. பராமரிப்பாளர்களின் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசியபோது, அதே ரயிலில் வேறு நிலையங்களிலிருந்து வரும் இரண்டு பெண்கள் தாங்களும் சாவிக்கொத்தை விரலிடுக்கில் பிடித்தபடி நடப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் போலந்துக்காரி, ஓராண்டாக யாரிடமும் சொல்லாதவர்.

மூவருக்கும் இப்போது பணி அரை மணி பிந்தித் தொடங்குகிறது. அடுத்த ரயிலுக்குத் தொழிற்சாலைக்காரர்கள் கூட்டமாக வருவதால் சுரங்கப்பாதையில் ஆள் நடமாட்டம் உண்டு. நடு விளக்கு இன்னும் எரிவதில்லை. அம்மா சுகவீன விடுப்பு எடுப்பதில்லை. பத்திரம் சில வாரங்களில் தபாலில் வந்தது. மாதாந்தப் பயணச்சீட்டுக்குப் பின்னால் அதைச் செருகி வைத்திருக்கிறார். அதற்குரிய துவக்கு எங்கள் வீட்டில் இல்லை.