வியாழன் பின்னேரத்து வாங்கு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வெளிநாடு வந்து, லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் இருபது வருசம் மாடிப்படி கழுவின அதே கட்டடத்தில், மூன்றாம் மாடியில், இண்டைக்கு எனக்குச் சொந்த வீடு. எங்கடை ஆக்களில் இந்தத் தெருவில் வீடு வாங்கினவன் நான் ஒருத்தன்தான். இதை நான் சொல்லாமல் வேறு ஆர் சொல்லுவினம்?

கட்டடத்துக்கு முன்னால் மரத்தடியில் இரும்புக்கால் வைத்த ஒரு நீள வாங்குப் பலகை இருந்தது. வியாழன் பின்னேரம் வீட்டு வேலை செய்யிற பெண்களுக்கு ஓய்வு. நாலைந்து பேர் வந்து இருப்பினம். புட்டைப் பிரித்துச் சாப்பிடுவினம், ஊரிலுள்ள பிள்ளைகளோடு போனில் கதைப்பினம், ஒருத்தி மற்றவளுக்குச் சீப்பால் தலை இழுத்து விடுவாள். நானும் இறங்கிப்போய் ஓரமாய் இருப்பேன். மனிசி செத்துப்போன பிறகு சுவரோடு எவ்வளவு நேரம் கதைக்கிறது?

"முதலாளி வாறார், இடம் விடுங்கோடி" என்பாள் ஒருத்தி.

"நான் வெறுங்கையோடை வந்து..." என்று தொடங்குவேன்.

"...படி கழுவின கட்டடத்திலையே வீடு வாங்கினனான்! போன வியாழனும் கேட்டனாங்கள் அண்ணை. இண்டைக்கு வேறை படம் போடுங்கோ" என்று மன்னார்க்காரி முடித்து வைப்பா.

அவவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பின்தெருவில் படுத்த படுக்கையாய்க் கிடக்கிற ஒரு சின்யோராவை, வயதுபோன வீட்டுக்காரம்மாவை, பராமரிக்கிறா. தங்கலும் அங்கேதான். தங்கல் என்றால் தனி அறையில்லை, சின்யோராவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மடிப்புக் கட்டில். வியாழன் இரண்டு மணிக்கு சின்யோராவின் மகள் வருவா. அவ நிற்கிற நேரம் இவ நிற்கக்கூடாது, எட்டு மணிக்குத்தான் திரும்பலாம். கால் இரண்டும் வீங்கி நரம்பு புடைத்திருக்கும். அந்த வாங்கில் காலை நீட்டி இருக்கிற ஆறு மணித்தியாலம்தான் அவவின் ஒரு கிழமை.

ஒருநாள் இரண்டாம் மாடி வக்கீல் என் வீட்டு மணியை அடித்தார். நான் கழுவின ஈரப்படியில் சப்பாத்தோடு ஏறிப்போய், திரும்பி நின்று "இதையும் துடை" என்று சொல்லுகிற மனிசன். அன்று "சின்யோரே" என்று ஐயா போட்டுக் கூப்பிட்டார். சத்தமாம், சாப்பாட்டு மணமாம், வாசலில் கூட்டமாம். வாங்கை எடுக்கச் சொல்லி நகரசபைக்குக் கடிதம். உங்கள் கையெழுத்து மட்டும்தான் மிச்சம் என்றார்.

விளங்காமல் போட்டேன் என்று சொல்லமாட்டேன். நல்லாய் விளங்கினது. அந்த மனிசன் என் வாசலில் வந்து கேட்டு நிற்கிறானே என்ற பெருமை, புளுகம். என் கையெழுத்து வடிவானது. பெரிதாய்ப் போட்டேன்.

மாரி தொடங்க, நகரசபை ஆக்கள் வந்து வாங்கை அறுத்துக்கொண்டு போனார்கள். நிலத்தில் நாலு இரும்புத் துண்டுகள்தான் மிச்சம். மற்றப் பெண்கள் கடற்கரைப் பக்கம் போகத் தொடங்கினார்கள். மன்னார்க்காரிக்கு அவ்வளவு தூரம் நடக்க ஏலாது.

பிறகொரு வியாழன், நல்ல மழை. நகரத்தின் மற்றக் கரை, பிரான்காச்சோவில் ஒரு அலுவல் முடித்து பஸ் ஏறினால், யன்னலோரம் அவ. நான் அவவுக்கு முகம் பார்த்த எதிர்க்கதிரையில் இருந்தேன்.

"எங்கை போட்டு வாறியள்?"

"ஒரு இடமும் இல்லை அண்ணை. கடைசித் தரிப்பு மட்டும் வருவன், திரும்பிப் போவன். இண்டைக்கு இது மூண்டாம் தரம். பஸ்ஸுக்குள்ளை மழை இல்லை, கதிரையும் இருக்கு." சிரித்தா. பிறகு, "உங்கடை வாசல்தானே. அந்த வாங்கை ஆர் எடுப்பிச்சது?" என்று கேட்டா.

"தெரியாது" என்றேன். அதோடு விடாமல், "என்ரை வீட்டை வந்து இருங்கோவன். மூண்டு அறை சும்மா கிடக்குது."

"வீட்டிலை வேறை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப எப்பிடி அண்ணை வாறது? ஒரு ஞாயிறு பூசை முடிஞ்சாலே போதும், கதை மன்னாருக்குப் போயிடும். மகளுக்கு இப்பதான் கலியாணம் பேசினம்."

நான் எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "காலைத் தூக்கி இதிலை வையுங்கோ" என்றேன். வைத்தா.

"இனி உங்கடை கதை அண்ணை. தொடங்குங்கோ. வெறுங்கையோடை வந்து..." என்று எடுத்துக் கொடுத்தா.

என் தரிப்பு வர, நான் மணியை அடித்துவிட்டு இறங்கினேன்.