டிலிஸ் ப்ரோதரோவின் துணைக்கேள்வி

“எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுங்க மந்திரி!” என்கிறார் டிலிஸ் ப்ரோதரோ. கையில் ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தோடு மந்திரி எழுந்து நிற்கிறார். மந்திரி என்றால் அவருடைய கணவர் இத்வால்தான். எங்கள் ஊர் அபர்வெலின் சீஸ் ஆலையில் கொதிகலன் பார்க்கிறவர். டிலிஸ் சட்டமன்ற உறுப்பினர், புதன்கிழமை சபைக்கு வீட்டிலேயே ஒத்திகை பார்ப்பவர். அதனால் திங்கட்கிழமை காலைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேல்ஸ் அரசின் பொருளாதாரத் துறை அவர் கைக்கு வரும். “கூட்டாளிகளோட பேசிக்கிட்டிருக்கோம், எல்லா வழியையும் பரிசீலிக்கிறோம்” என்று கஞ்சி வாயோடு சொல்லிவிட்டு, “கண்ணு, அந்தப் பாலைக் கொஞ்சம் இப்படித் தள்ளு” என்கிறார். “மந்திரி பால் கேக்க மாட்டார்யா, ஒழுங்கா நடி” என்று அதட்டல் விழுகிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் ஒப்புக்குக் கட்டியது. போதாக்குறைக்கு என் பிழைப்பும் டிலிஸ் வாயை நம்பித்தான் இருக்கிறது. கார்டிஃப் சட்டமன்றத்தில் வெல்ஷ் மொழியில் யார் பேசினாலும் உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்வது என் உத்தியோகம். சபையைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே நானும் ஒரு மைக்கும். வெல்ஷ் தெரியாத அமைச்சர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் குரலைக் கேட்பார்கள். உறுப்பினர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. திங்கட்கிழமை சுவர் வழியே வந்த வசவு புதன்கிழமை என் வாய் வழியே வெளியே போகும்.

டிலிஸுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். பிறகு ஏன் இந்தச் சுற்றுவழி என்று ஒருநாள் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டேன். துணி காயப்போட்டபடியே சொன்னார்: “இங்கிலீஷ்ல நேரா திட்டினா நான் திட்டினதோட போச்சு. உன் வாய் வழியாப் போனா, அரசாங்கச் சம்பளம் வாங்கறவனே அரசாங்கத்தைத் திட்டின மாதிரி ஆகுதில்ல? அதுல ஒரு ருசி இருக்குப்பா.” என் மனைவி உள்ளே இருந்து சிரித்த சிரிப்பில் எனக்குச் சம்பளமே கசந்தது.

டிலிஸ் அறுபதைத் தாண்டியவர். குள்ளம். மழையோ வெயிலோ, சேறு காய்ந்த பூட்ஸ். தோளில் தொங்கும் பைக்குள் காகிதம், கம்பளிக் கையுறை, பாதி தின்ற ஆப்பிள், எந்த ஆலையிலோ கொடுத்த பாதுகாப்புத் தொப்பி எல்லாம் கிடக்கும். மூக்குக் கண்ணாடியும் அதற்குள்தான் இருக்கும், ஆனால் தேடும்போது கிடைக்காது. ஒருமுறை சீஸ் ஆலையில் தலைக்கு மாட்டிய வலையைக் கழற்ற மறந்து, அப்படியே சபையில் எழுந்து மீன்பிடித் துறைமுகம் பற்றிக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் சைகை காட்டியதும், “இருக்கட்டும், இதுவும் வலைதானே” என்று தொடர்ந்தார். அதையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் மண்டல உறுப்பினர். அதாவது ஜனங்கள் கட்சிக்கு ஓட்டுப் போட, கட்சியின் பட்டியலில் இருந்ததால் உள்ளே வந்தவர். ஆகவே தன்னைத் தேர்ந்தெடுத்ததாக ஒப்புக்கொள்கிற ஆள் ஒருவர்கூட அவருக்குக் கிடைத்ததில்லை. “எனக்கு யார் ஓட்டுப் போட்டாங்கன்னு எனக்கே தெரியாது. அதனால ஒருத்தரையும் பகைச்சுக்க முடியல” என்பார். கால்நடைச் சந்தையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டே ஒருவர் வங்கிக் கிளை மூடியதைச் சொல்வார், ‘சிப்ஸ்’ கடை வரிசையில் இன்னொருவர் பஸ் நின்றுபோனதைச் சொல்வார். எல்லாமே கேள்வியாகி கார்டிஃப் போகும். ஊரில் ரொட்டி விற்கிற கரெத்தை ரொட்டி கரெத் என்கிறோம். இவர் ‘கேள்வி டிலிஸ்’.

கேள்வி கேட்பதில் காட்டிய அக்கறையில் கால்வாசி பதில் கேட்பதில் அவர் காட்டியதில்லை. சபை வழக்கம் இதுதான்: முதல் கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், அமைச்சர் எழுதி வைத்த பதிலைப் படிப்பார், உறுப்பினர் எழுந்து துணைக்கேள்வி ஒன்று கேட்கலாம். டிலிஸின் துணைக்கேள்வி திங்கட்கிழமையே கஞ்சிக் கிண்ணத்துக்கு எதிரே தயாராகிவிடும். அமைச்சர் படிக்கும்போது இவர் பையைக் குடைந்து கண்ணாடி தேடுவார். “அந்தப் பதிலை நான் போன வருஷமே கேட்டாச்சு” என்பார். பொய்யில்லை. பொருளாதார அமைச்சர் லிண்டன் ஹேவர்டு வாய் திறந்தால் அடுத்த வார்த்தை என்ன என்று எனக்கே தெரியும்.

இந்த வசந்தத்தில் சீஸ் ஆலைக்கே ஆபத்து வந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கப் புது நிலையம் கட்டியாக வேண்டும், அரசு பாதிச் செலவை ஏற்காவிட்டால் மூடுகிறோம் என்று முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். ஆலை மூடினால் எங்கள் ஊரில் மிஞ்சுவது தேவாலயமும் கல்லறையும்தான். என் தங்கை அங்கேதான் பொட்டலம் கட்டுகிறாள். இத்வால் அந்தத் திங்கட்கிழமை மந்திரியாக நடிக்கவில்லை. “இந்த வாரம் நீயே ரெண்டு பேராவும் பேசிக்கோ கண்ணு” என்றது சுவர் வழியே கேட்டது.

புதன்கிழமை இத்வாலும் ஆலைக்காரர்கள் சிலரும் பஸ் பிடித்து வந்து, சபைக்கு மேலே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தார்கள். அங்கே கத்தினாலும் கீழே கேட்காது. பாதிச் செலவை அரசு ஏற்குமா என்ற கேள்விக்கு டிலிஸின் பெயரை அழைத்தார்கள். ஹேவர்டு எழுந்து, கூட்டாளிகளோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். எல்லா வழியையும் பரிசீலித்தோம் என்றார். டிலிஸ் பைக்குள் கையை விட்டார். அடுத்த வாக்கியத்தில், பாதிச் செலவை அரசே ஏற்கும் என்று ஹேவர்டு சொன்னார்.

தேர்தல் நெருங்கியதாலா, யாராவது ஒரு அதிகாரிக்கு மனசாட்சி குத்தியதாலா, தெரியாது. நான் கூண்டுக்குள் எழுந்தே நின்றுவிட்டேன். டிலிஸும் எழுந்து நின்றார், மூக்குக் கண்ணாடி கிடைத்த சந்தோஷத்தில்.

“அமைச்சரோட பதிலைக் கேட்டு எனக்கு வெக்கமா இருக்கு” என்று ஆரம்பித்தார். என்ன செய்வேன்? வெக்கமா இருக்கு என்று நானும் சொன்னேன். “எங்க ஊர் ரவுண்டானா இவரை விட மேல். அதைச் சுத்தினா எங்கயாவது போய்ச் சேரலாம்.” சொன்னேன். “சரின்னு ஒரு வார்த்தை சொல்ல இவருக்கு முதுகெலும்பு இல்ல.” அதையும் சொன்னேன். ஹேவர்டின் கழுத்து சிவந்தது. மாடத்தில் இத்வால் இரண்டு கைகளையும் வீசி, நிறுத்து நிறுத்து என்று குதித்தார். டிலிஸ் நிமிர்ந்து பார்த்தார். தனக்குத்தான் உற்சாகம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, எழுதி வைக்காத இரண்டு வசவுகளைச் சேர்த்தார். ஹேவர்டு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்து, பதில் இருந்த கோப்பை மூடினார். எங்கள் ஊர் அந்தக் கோப்புக்குள் இருந்தது.

சபாநாயகர் குறுக்கிட்டார். “உறுப்பினர் கவனிக்கலைன்னு நினைக்கிறேன். அமைச்சர் சரின்னு சொல்லிட்டார்.”

“எதுக்கு சரி?”

“நீங்க கேட்டதுக்குத்தான்மா.”

சபையே சிரித்தது. ஹேவர்டு ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டார். டிலிஸ் சிரிக்கவில்லை. கையில் இருந்த காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். “அவரைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்க” என்றார். எனக்குப் பழக்கமான குரல் இல்லை அது. அதை நான் மெதுவாகத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஹேவர்டு உட்கார்ந்தே இருந்தார். இவ்வளவு வசவு வாங்கியவர் எழுந்திருக்காவிட்டாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “முதுகெலும்பு இல்லாதவன் எப்படி எந்திரிச்சு நிக்கறதுன்னு யோசிச்சேன்” என்றார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “சரின்னுதான் சொன்னேன். பாதிச் செலவு எங்களுடையது. பதிவு பண்ணிக்கோங்க.”

மாடத்தில் இத்வால் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். டிலிஸ் நன்றி சொல்லவில்லை. சொல்லத் தோன்றியிருக்கும், வாய்க்குப் பழக்கமில்லை. அடுத்த உறுப்பினரை அழைத்துவிட்டார்கள். டிலிஸ் தன் மேசையில் இருந்த ஜாடியிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினார், சிந்தாமல் எடுத்துக்கொண்டு, பூட்ஸ் சத்தம் கேட்க சபையின் நடுவே நடந்து போய் ஹேவர்டின் முன்னால் வைத்தார். அவர் கடைசிச் சொட்டையும் குடித்து முடிக்கும்வரை டிலிஸ் பக்கத்திலேயே நின்றார்.