சீர்வரிசையில் வந்த சைக்கிள்

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரப்பர் கட்டை சூடேறி ஒரு கருகல் வாடை வரும். மழை ஓய்ந்த காட்டின் இலைமக்கு வாசனையும், எங்கோ பழுத்து விழுந்த டுரியானின் நெடியும் அதோடு சேர்ந்துகொண்டால் எனக்கு வயது பன்னிரண்டு, ஊர் மலாய் நாட்டுச் செமினி, காலுக்கடியில் அப்பாவின் பழைய சைக்கிள். சென்ற ஆண்டு பிரான்சு நாட்டின் மலைக் கிராமம் ஒன்றில், வாடகைக்கு எடுத்த சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தபோது, டுரியானுக்குப் பதில் அறுத்துப் போட்ட புல்லின் மணம் இருந்ததே தவிர, அந்தக் கருகல் வாடை அச்சு அசலாக அதேதான்.

அந்த நாட்டுக்காரர்கள் "அமைதியான சாலைகள்" என்று தனியாக வரைபடமே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கார் அதிகம் வராத, மேடும் பள்ளமுமாக வயலையும் மாட்டுக் கொட்டகையையும் ஒட்டி வளைந்து போகும் கிராமத்துப் பாதைகள் அவை. எங்கள் செமினியிலிருந்து அணைக்கட்டுப் பக்கம் ஏறிப்போன மலைப்பாதைக்கு யாரும் வரைபடம் போடவில்லை. அங்கே போக யாருக்கும் அவசியமில்லை என்பதால் அது தன் பாட்டுக்கு அமைதியாகக் கிடந்தது. ஆகவே அதன் வளைவுகளுக்கெல்லாம் நானே பெயர் வைத்தேன். பலாமரத் திருப்பம், குரங்கு மூலை, அதற்கும் மேலே "அழுமூஞ்சி மேடு". முதல் தடவை அந்த மேட்டில் பாதியிலேயே இறங்கி நின்று அழுதேன். அடுத்த தடவை அழுதுகொண்டே மிதித்தேன். அதற்குப் பிறகு ஒருநாள், அழ மறந்து உச்சிக்குப் போய்விட்டேன். உச்சியில் ஓலைக் கூரை போட்டுப் பழம் விற்ற மலாய்க்காரப் பெரியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிளாஸ் சிரப் தண்ணீர் நீட்டினார். "குவாட் லா, அடிக்" என்றார். பலசாலிதான் நீ என்று அர்த்தம். அதுவரை வீட்டில் எவரும் என்னை அப்படிச் சொன்னதில்லை, 'வாயாடி' என்று வேண்டுமானால் சொல்லியிருக்கிறார்கள்.

என் மாமா, அம்மாவின் தம்பி, போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை பார்த்தார். வருடா வருடம் அந்தக் கம்பெனி கொடுக்கும் காலண்டரை எங்களுக்கு ஒன்று கொண்டுவருவார். அதில் ஒருமுறை ஜூலை மாதப் பக்கத்தில் பிரான்சு தேசத்துக் குன்று ஒன்று இருந்தது. பச்சை மடிப்புகளுக்கு நடுவே வெள்ளைக் கோடாக ஒரு சாலை, அதில் தனியாக ஒரு பெண், வளைந்த ஹேண்டில் வைத்த சிவப்புச் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தாள். ஜூலை முடிந்தும் அந்தப் பக்கத்தை நான் திருப்பவிடவில்லை. அந்த வருடக் கடைசி வரை எங்கள் வீட்டில் ஜூலையாகவே இருந்தது. தேதி பார்க்க வேண்டியவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு நான் பெரியவளானேன். செய்தி போன மறுநாளே பிரிக்பீல்ட்ஸிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, பெட்டியோடு வந்து இறங்கினார். எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றிற்கும் சட்டம் சொல்வது அவர்தான். என்னைப் பின்னறையில் உட்கார வைத்து, உளுத்தங்களியும் நல்லெண்ணெயுமாக ஊட்டிக்கொண்டே, முதல் சட்டத்தைச் சொன்னார்.

"இனிமே சைக்கிளத் தொடக் கூடாது. அடக்கம் ஆயிரம் பொன் பெறும்."

அப்பா தன் பழைய சைக்கிளை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். நான் களி உருண்டையை விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. "பொம்பள சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு" என்பது அத்தையின் இன்னொரு வாக்கு. எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் புகையிலை விரித்து நான் பார்த்ததில்லை, நான் சைக்கிளில் சிரித்ததும் குரங்குகளைத் தவிர எவருக்கும் தெரியாது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த மேட்டை ஏறிய கால்கள் நேற்றும் என்னுடையவை, இன்றும் என்னுடையவை. நடுவில் எப்படி அவை வேறு யாருக்கோ சொந்தமாகிவிட்டன என்பதை அன்றும் எனக்கு ஒருவரும் விளக்கவில்லை, இன்றும் விளக்கவில்லை.

சடங்குக்கு முன் தாய்மாமன் வந்து, சீர்ப் புடவைக்கு என்ன நிறம் வேண்டும் என்று பெண்ணைக் கேட்பது எங்களில் வழக்கம். ஆண்கள் என்னைப் பார்க்கக்கூடாத நாட்கள் அவை. எனவே மாமா வெளியே நின்று, பின்னறையின் கண்ணாடிப் பட்டை ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"மாமா சேலை எடுக்கப் போறேன். என்ன கலர் வேணும்?"

"சேலை வேணாம் மாமா. சைக்கிள் வேணும்."

வெளியே செருப்பு சரசரத்தது. போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

"சைக்கிளா?" என்றார் கடைசியில். "சரி, அது என்ன கலர்?"

நான் எடுத்து வைத்திருந்த ஜூலை மாதத்தைச் சுருட்டி, இரண்டு கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே வெளியே தள்ளினேன். காகிதம் பிரியும் ஓசை கேட்டது. "வளைஞ்ச ஹேண்டில்லா இது. கிள்ளான்ல கிடைக்குமான்னு தெரியல. தேடிப் பாக்கறேன். அத்தைகிட்ட மூச்சு விடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சடங்கு எங்கள் தாமான் "டேவானில்", அதாவது பொது மண்டபத்தில், நடந்தது. பட்டு, ஜடையலங்காரம், கழுத்து தாங்காத மாலை எல்லாம் சுமந்துகொண்டு நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன். கிள்ளானிலிருந்து வேன் வந்து நின்றது. மாமா வீட்டுப் பெண்கள் பழத் தட்டு, தேங்காய்த் தட்டு, வளையல் தட்டு, பலகாரத் தட்டு என்று வரிசையாக இறங்கினார்கள். புடவைத் தட்டும் இருந்ததைப் பார்த்து, சைக்கிள் வரவில்லை என்று முடிவுகட்டினேன். எல்லாருக்கும் பின்னால் மாமா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் ஒரு சிவப்புச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, ஹேண்டிலில் மல்லிகைச் சரம் ஆட, மேளக்காரர்களே ஒரு நொடி வாசிக்க மறந்து பார்க்கும்படி வந்தார்.

அத்தை வாசலை மறித்தார். "இது என்னா தம்பி?"

"சீருக்கா."

"சீர்னா தட்டுல வரணும்."

"தட்டுல வெச்சா நிக்க மாட்டேங்குதுக்கா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. மாமா குரலை உயர்த்தாமலேயே சொன்னார்: "தாய்மாமன் சீரத் திருப்பி அனுப்புற பழக்கம் நம்மகிட்ட இல்ல. நீங்க வேணாம்னா சொல்லுங்க, எல்லாத் தட்டையும் எடுத்துக்கிட்டு கிள்ளானுக்கே போயிடறோம்."

தான் தலைமேல் சுமந்துகொண்டிருந்த வழக்கமே தன் காலை வாரிவிடும் என்று அத்தை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. விரலை நீட்டி, தட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்ததும் முகம் மலர்ந்தது.

"சைக்கிளச் சேத்தா ரெட்டப்படை. சீர் ஒத்தப்படையிலதான் உள்ள வரணும். ஆகாது."

மாமா பின்னால் திரும்பித் தானும் எண்ணினார். தட்டுகளை மட்டும் ஒற்றைப்படைக்குப் பார்த்துப் பார்த்து அடுக்கியவர், சைக்கிளை எண்ணிக்கையில் சேர்க்க மறந்துவிட்டிருந்தார். "அப்ப ஏதாவது ஒரு தட்ட வேன்ல வெச்சிடறேன்" என்றார். "மாமன் சீர்ல குறைக்கறதா?" என்று அத்தை அதையும் அடைத்தார். என் சைக்கிள் மாமாவின் தோளில் வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றது.

அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அதுவரை அத்தைக்கு எதிராக அம்மா வாய் திறந்து நான் கேட்டதில்லை. சொன்னதைச் செய்வார், செய்துவிட்டுப் பேசாமல் இருப்பார். ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தார். வரவேற்பு மேசையிலிருந்து ஒரு சில்வர் தட்டை எடுத்தார். அதில் வெற்றிலை வைத்து, எலுமிச்சம்பழங்களை அள்ளிப் போட்டு, கொண்டுவந்து தன் தம்பியின் மனைவி கையில் திணித்தார்.

"இப்ப எண்ணிப் பாருங்க அண்ணி."

யாரும் எண்ணவில்லை. அம்மா அதோடும் விடவில்லை. மாமாவைச் சைக்கிளை இறக்கச் சொல்லி, அந்தத் தட்டிலிருந்தே இரண்டு பழங்களை எடுத்து முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று வைத்து, உருட்டச் சொன்னார். புது வண்டி வாங்கினால் நாங்கள் எல்லாரும் செய்வதுதான். இரண்டு பழமும் நசுங்கும் சத்தம் மேடை வரைக்கும் எனக்குக் கேட்டது.

"வண்டிக்கு எலுமிச்சங்கா வெச்சாச்சு," என்றார் அம்மா, ரொம்பச் சாதாரணமாக. "இனி ஓட்டாம நிறுத்தி வெச்சா ஆகாது அண்ணி."

அத்தை வழிவிட்டார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நான் காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது, பல நாட்களாக என்னோடு சரியாகப் பேசாத அப்பா, பம்பை எடுத்துவந்து சைக்கிள் அருகே குந்தினார். "காத்து கம்மியா இருக்கு" என்றார். டயரை அமுக்கிப் பார்த்துக் காற்றடித்தார். நான் கிளம்பினேன். தாமான் முழுக்கப் பேசியது, பேசட்டும். பேசியவர்களில் ஒருவர்கூட அழுமூஞ்சி மேட்டைப் பார்த்தவர் இல்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. அதை ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றேன். அன்று உச்சியைத் தாண்டி அணைக்கட்டுத் தண்ணீர் தெரியும் வரை போய், கிண்கிணியென்று மணியடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

பிரான்சில் காலண்டர் படத்துச் சாலையை நான் தேடவில்லை. எல்லாச் சாலைகளும் அதுபோலவே இருந்தன. ஒரு நீண்ட மேட்டின் முடிவில், வீட்டு வேலியோரம் நின்ற ஒரு பெண்மணி, இவ்வளவு நன்றாக ஏற எங்கே கற்றாய் என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். "செமினி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது அவர் பாடு என்று விட்டுவிட்டேன். ஊர் திரும்பியதும் நான் அங்கே எடுத்த படங்களைப் பார்த்துச் சொந்தக்காரர்கள், "பிரான்ஸ்லயே சைக்கிள் ஓட்டுனியா, எவ்ளோ தைரியம்லா" என்று மெச்சினார்கள். செமினியில் ஓட்டியதற்குத்தான் தைரியம் வேண்டியிருந்தது என்பதை அவர்களிடம் சொல்லத்தான் செய்தேன்.

அந்த மலைப்பாதை இப்போது அப்படியில்லை. பலாமரம் இருந்த இடத்தில் பாதுகாவலர் கூண்டும் தடுப்புக் கட்டையும் வந்து, உள்ளே ஐரோப்பிய ஊர்ப் பெயர் வைத்த வீடுகள் நிற்கின்றன. குரங்கு மூலையில் குரங்குகள் குப்பைத் தொட்டியைக் கிளறுகின்றன. அழுமூஞ்சி மேட்டை வெட்டிச் சரித்து, மண் லோரிகள் மூச்சு வாங்காமல் ஏறும்படி ஆக்கிவிட்டார்கள். சிரப் தண்ணீர் கொடுத்த பெரியவர் இல்லை. மாமாவும் இல்லை. நான் மட்டும் ஞாயிறு விடியலில், லோரிக்காரர்கள் எழுவதற்குள், இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். வெட்டிய மேட்டின் பெயரை நான் மாற்றவில்லை.

போன மாதம் என் தங்கையின் மகள் பெரியவளானாள். எங்களுக்கு உடன்பிறந்த ஆண் இல்லை. "தாய்மாமன் இல்லாத வீடு, சீர் யாரு கொண்டாருவா? ஒண்ணுவிட்ட மாமன் எவனையாச்சும் பாருங்க" என்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து, குரல் நடுங்கினாலும் சட்டம் நடுங்காமல், அத்தை போனில் சொன்னார்.

"நான் கொண்டு வரேன்" என்றேன்.

"பொம்பள சீர் கொண்டாற வழக்கம் இல்ல."

"இனிமே இருக்கட்டும் அத்தை."

கொண்டுபோனேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேனிலிருந்து மண்டப வாசல் வரை ஒரு நீலச் சைக்கிளைத் தோளிலேயே சுமந்தேன். அது அவள் கேட்ட நிறம். தட்டுகளையும் சைக்கிளையும் சேர்த்து முந்தின நாளே எண்ணி வைத்திருந்தேன். வாசலில் சக்கர நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தார். விரலை நீட்டி, நிதானமாக, ஒவ்வொன்றாக எண்ணினார். கடைசியில் விரல் சைக்கிளில் வந்து நின்றது.

"ஒத்தப்படைதான்" என்றார். நான் படியேறக் காலெடுத்தேன்.

"நில்லு. எலுமிச்சங்கா எங்க? சும்மாவா உருட்டப் போற?"

என் கைப்பையில் இரண்டு இருந்தன. எடுத்து அத்தையின் கையில் கொடுத்தேன்.

"நீங்களே வைங்க" என்றேன்.