என் புத்தகத்துக்கு இன்னொருவர் போட்ட அட்டை

போர் முடிவதற்கு முந்தைய வருடம், மாத்தளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் படவரைஞராக வேலை செய்துகொண்டிருந்தேன். காணித் துண்டுகளின் எல்லைகளை அளவு பிசகாமல் வரைவது என் தொழில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நானும் கணவரும் ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டுப் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அவர் தம்புள்ளையில் ஒரு வங்கிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தார். வழியில் இராணுவத்தினர் எல்லோரையும் இறக்கிச் சோதிப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் சப்பாத்தைக் கழற்றுவார்.

அந்த வீட்டில் இருந்துதான் என் சிறுகதைகளை எழுதினேன். எல்லாம் வாடகைவீட்டுக் கதைகள். அச்சில் போடுவதென்றால் கையெழுத்துப் பிரதியைச் சுமந்துகொண்டு கொழும்புக்குப் போகவேண்டும். வழியில் ஒருவர் பையைத் திறந்து இத்தனை தாளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை தெருவோரம் நிற்கவேண்டும். ஆகவே இணையத்தில் நானே வெளியிடுவது என்று முடிவுசெய்தேன்.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. டெலிபோன் பேசலாம், போட்டோகொப்பி எடுக்கலாம், பின்னால் இரண்டு கொம்பியூட்டர்களும் இருந்தன. கடையை நடத்தியவள் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த பெண். தமிழில் தட்டச்சு செய்ய எனக்குப் பழக்கியவள் அவள்தான். வேலை முடிந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன். எங்கள் சன்னல் கம்பியில் துணி காயும் படம் ஒன்றை அட்டையில் வைத்து, என் பெயரைப் போட்டு, இலவசப் பக்கம் ஒன்றில் ஏற்றினேன். திரையில் அது தெரிந்தபோது அவள் கைதட்டினாள். எனக்கு அழுகை வந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு ஒருநாள், நான் கடைக்குள் நுழைந்ததும் அவள் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.

"மிஸ், உங்க புஸ்தகம் வேற ஒரு எடத்துலயும் இருக்கு. ஆனா அது உங்க அட்டை இல்லீங்க."

வெளிநாட்டில் யாரோ நடத்தும் ஒரு தளம். என் கதைகள் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருந்தன. துணி காய்ந்த சன்னல் மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக இலங்கையின் வடக்கையும் கிழக்கையும் மட்டும் வெட்டியெடுத்துச் சிவப்பு பூசிய தனிநாட்டு வரைபடம். அதன்மேல் என் பெயர், பெரிய எழுத்தில். உள்ளே ஒரு முன்னுரை: எதிரிகளின் நடுவிலிருந்து ஒலிக்கும் குரல் என்று. அரசாங்கத்துக்கு வரைபடம் வரையும் எனக்கு அந்தப் படத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

அங்கேயே இருந்து அந்தத் தளத்துக்கு இமெயில் எழுதினேன். அட்டையையும் முன்னுரையையும் எடுத்துவிடுங்கள், நாங்கள் இங்கே வாழவேண்டும் என்று கெஞ்சினேன். மறுநாளே பதில் வந்தது. உங்களை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறோம், பயந்தவர்கள் எழுத வரக்கூடாது என்று தளத்தை நடத்துபவர் எழுதியிருந்தார். அடியில் அவருடைய தொலைபேசி இலக்கம்.

கணவரிடம் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"உம்மடை பக்கத்தை உடன அழியும்," என்றார்.

"என்ரையை அழிச்சா அது மட்டும்தானே மிஞ்சும்? பிறகு அதுதான் என்ரை புத்தகம் எண்டு ஆகிடுமே."

"ஒவ்வொரு நாளும் பஸ்ஸால இறங்கி நிக்கிறது நான்."

இருந்தும் நான் அழிக்கவில்லை.

அந்த வாரமே அலுவலகத்தில் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். அவர் கண்டிப்பான சிங்களவர். தேவையில்லாமல் பேசமாட்டார். "நீங்கள் புத்தகம் எழுதியிருக்கிறீர்களாமே?" என்று சிங்களத்தில் கேட்டார். சக ஊழியர் ஒருவரிடம் சந்தோஷத்தில் சொல்லியிருந்தேன். அது அவர் காதுவரை போயிருக்கிறது. "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அட்டையையாவது பார்க்கிறேன். காட்டுங்கள்," என்று தன் கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பினார்.

அட்டை என்ற சொல்லை அவர் ஏன் சொன்னார் என்று நினைத்துக்கொண்டே கீபோர்ட்டை என் பக்கம் இழுத்தேன். என் பெயரைத் தேடினால் இரண்டு அட்டைகளும் வரும். என் பக்கத்தின் முகவரியை ஒவ்வொரு எழுத்தாக நேரடியாக அடித்தேன். அலுவலகத்து இணையம் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. முதலில் வெறும் வெள்ளை. பிறகு மேலே இருந்து கோடு கோடாகப் படம் இறங்கியது. சன்னலின் மேற்சட்டம் தெரிந்தபோதுதான் மூச்சு விட்டேன்.

"யாருடைய வீடு?"

"நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு, சேர்."

குனிந்து பார்த்தார். "நானும் இங்கே வாடகைக்குத்தான் இருக்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்தார். அவருக்கு ஏதாவது தெரிந்திருந்ததா, ஒன்றும் தெரியாதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. 

அன்றைக்கே கடையில் டெலிபோன் கூண்டுக்குள் போய், அந்தத் தளத்துக்காரர் தந்த இலக்கத்துக்கு அழைத்தேன். எடுத்தது ஒரு பெண். அவருடைய மனைவி. கணவர் வேலைக்குப் போய்விட்டார் என்றாள். நான் யார் என்று சொன்னேன்.

"அக்கா, நீங்களோ? உங்கட கதையள் முழுக்க வாசிச்சனான். அந்தக் கர்ப்பிணிப் பொம்பிளைக்கு வீடு குடுக்காமல் திருப்பி அனுப்புற கதை... பிறகு அவவுக்குப் பிள்ளை பிறந்ததோ?"

முன்பின் தெரியாத ஒருவர் என் கதையைப் பற்றி என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. வேறு நேரமென்றால் துள்ளியிருப்பேன். கூண்டுக்கு வெளியே ஆட்கள் காத்து நின்றார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"பிறந்தது. தங்கச்சி, நானும் அந்த மாதிரி ஒரு வாடகை வீட்டிலதான் இருக்கிறன். அந்த அட்டையால அந்த வீடும் போகும், என்ரை மனுசனையும் பிடிச்சுக்கொண்டு போவாங்கள். அவரிட்டச் சொல்லும்."

அவள் அழுவது கேட்டது. "அவருக்கு இங்க இருந்து அங்கத்த நிலைமை விளங்கிறேல்லை, அக்கா. நான் சொல்றன்," என்றாள்.

பிறகு வந்த நாட்களில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பொலிஸோ என்று கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். ஒரு மாலை கடைப்பெண் தூரத்திலேயே என்னைக் கண்டு தெருவுக்கு ஓடிவந்தாள். "தூக்கிட்டாங்க மிஸ்! மொத்தமா தூக்கிட்டாங்க!" போய்ப் பார்த்தேன். அட்டை, முன்னுரை, கதைகள் எதுவும் அங்கே இல்லை. விளக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

என் பக்கத்தை என்ன செய்வது என்பது மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கணவரும் என்னோடு கடைக்கு வந்தார். ஆபத்தான வரி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார். அதுவரை அவர் ஒரு கதையைக்கூட வாசித்திருக்கவில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்தார். நான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன். ஒரு கதையில், வேலை முடிந்து வந்ததும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கும் ஒரு மனிதன் வருவான். அந்த இடத்தில் அவருடைய கை நின்றது. 

"இது நானோ?" என்றார்.

"ஓம்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை வாசித்தார். பிறகு எழுந்தார்.

"உம்மடை பேரை மட்டும் எடுத்துவிடும். மற்றது கிடக்கட்டும்."

பெயரை எடுத்தேன். புத்தகம் கிடந்தது. போர் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகுதான் பெயரைத் திரும்பவும் போட்டேன். அப்போதும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான்.