விஷவாயு ஒத்திகையில் ஒரு நிஜக் குளியல்

குடவாசலை விட்டு நடந்துகொண்டிருந்தேன். வயலுக்குப் பூச்சிமருந்தடிக்க முகமூடி கேட்டதற்கு, "துண்டு இல்லியா?" என்றார் வயல்காரர். இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வேலையை விட்டுக் கிளம்பிவிட்டேன்.

பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஆதார் அட்டை, ஒரு குளிர்பான பாட்டிலில் மிச்சப் பூச்சிமருந்து. மிச்சத்தைக் கொட்ட எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. கிடைத்த பாட்டிலில் ஊற்றி அடுத்த வயலுக்குக் கொண்டுபோவோம்.

பாதி வழியில் பஸ் கிடைத்தது. திருவாரூர் பேருந்து நிலையத்தில் இறங்கினால், தலை முதல் கால்வரை ரப்பர் உடையும் மூக்கில் டப்பாவும் மாட்டிய ஆட்கள். யாராவது விஷவாயுவைத் திறந்துவிட்டால் ஜனங்களைக் காப்பாற்றுவது எப்படி என்று ஒத்திகையாம். முண்டியடித்து முன்னால் போய் நின்றேன். அந்த நெரிசலில் பாட்டில் மூடி கழன்று, மருந்து பையை நனைத்து என் இடுப்பில் இறங்கியது.

டப்பா மாட்டியவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கடலை விற்கிற அம்மாதான் மூக்கைப் பிடித்தார்.

"ஏன்யா, கலர் பாட்டில்லயா மருந்த ஊத்தி வெச்சிருக்க? ஏதாச்சும் புள்ள எடுத்துக் குடிச்சா?"

மூடியைத் தேடிக் குனிந்தேன். அதற்குள் ஒத்திகையை நடத்திக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். என்னைத் திட்டுவதா, ஒத்திகைக்கு ஒத்தாசை செய்ததற்கு நன்றி சொல்வதா என்று அவருக்கே குழப்பம்.

"பாட்டிலப் பையோட சேத்து அழிச்சிருங்க" என்றார் டப்பா மாட்டியவர்களிடம்.

"சார், ஆதார் உள்ள இருக்கு. அது இல்லன்னா எவனும் வேலைக்குச் சேக்க மாட்டான்."

"உசுரு முக்கியமா, அட்டை முக்கியமாய்யா?"

"உசுர யாரும் கேக்குறதில்ல சார். அட்டையத்தான் கேக்குறாங்க."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். இடுக்கியால் அட்டையை எடுத்து, மூன்று பேர் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். பை போனது போனதுதான். அடுத்து நான். பிளாஸ்டிக் தொட்டியில் நிற்கவைத்து தீயணைப்பு வண்டித் தண்ணீரை அடித்தார்கள். "காதுக்குப் பின்னால தேய்யா" என்று கடலை அம்மா மேற்பார்வை பார்த்தார்.

மாற்றுத்துணி இல்லாததால் காகிதம் மாதிரி வெள்ளை அங்கி ஒன்று கொடுத்தார்கள்.

"நாளைக்கு ரயில்வே ஸ்டேஷன்ல ஒத்திகை. விஷம் பட்ட ஆளாப் படுக்கணும். வர்றியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சாப்பாடு உண்டுங்களா?"

"உண்டுய்யா."

மறுநாள் காலை அட்டையைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டு, என்னை நடைமேடையில் படுக்கவைத்தார்கள். எப்படி இருமவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் குனிந்தார். பல வருஷம் மருந்தடித்தவனுக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் இருமத் தொடங்கிவிட்டேன்.